எழுத்தின் தரமும் எழுதியவரின் தரமும்: திருகோணமலை இலக்கியத்தை முன்வைத்து

ஒருவருடைய எழுத்தின் தரத்தைக் கொண்டு அவரை எடைபோடலாமா? திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களின் இலக்கிய வரலாற்றில் இந்தக் கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்திருக்கிறது.

திருகோணமலையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை ‘தமிழ் நாவலர் சரிதை’யைப் பதிப்பித்தவர். தனிப்பாடல்களின் வழியே புலவர்களின் வாழ்வைச் சொல்லும் நூல் அது. பாட்டில் ஆளைத் தேடும் பழக்கம் நம்மிடம் வெகுகாலமாக உண்டு. அவருடைய தம்பி தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்தவர். 1895இல் இவர் எழுதிய ‘மோகனாங்கி’ தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்பே, 1892இல், ‘தத்தை விடு தூது’ மூலம் பெண்ணின் சுதந்திரத்துக்காகப் பேசியிருந்தார். தூது பழைய சிற்றிலக்கிய வடிவம். வடிவத்தோடு நின்றுவிடும் வாசகர் அவரை மரபுக்குள் அடங்கிய இன்னொரு புலவர் என்றே நினைத்திருப்பார்.

1960களின் தொடக்கத்தில் இந்த மதிப்பீடு கசப்பான வடிவம் எடுத்தது. பேச்சுமொழியில் எழுதிய முற்போக்கு எழுத்தாளர்களின் நடையை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர்கள் சாடினார்கள். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் எதிர்வாதம் செய்தார்கள். ஈழத்து இலக்கிய வரலாறு இதை மரபுப் போராட்டம் என்கிறது. நடையைப் பற்றிய விவாதம் என்று சொல்லிக்கொண்டாலும், குறி அந்த மொழியைப் பேசிய மக்கள் மீதும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது, யார் எழுதலாம் என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் கிடைத்தது. கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரில், ஆசிரியராக இருந்த வ. அ. இராசரத்தினம், சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவரின் வாழ்வைத் ‘தோணி’ கதையில் எழுதினார். அதே பெயரிலான தொகுதி 1962இல் வந்தது. அந்த வாழ்வைத் தாழ்ந்ததென்று நினைப்பவரால் அந்தக் கதையை எழுதியிருக்க முடியாது.

இலக்கியத்துக்கு வெளியே இதே மதிப்பீடு பிழைப்பைத் தொட்டது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பின், சிங்களத் தேர்ச்சி இல்லாத தமிழ் அரச உத்தியோகத்தர்களின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கேகாலைக் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன் இதற்கெதிராகத் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. வேலையில் தேர்ந்தவரைக் கூட இன்னொரு மொழியில் எழுதத் தெரியாததற்காகத் தகுதியற்றவராக்க முடியும் என்பதை அந்தக் காலம் காட்டியது.

இலக்கியத்தில் திருகோணமலை தந்த மிகக் கடுமையான நீதிபதி, கவிஞரும் விமர்சகருமான பிரமிள். 1939இல் பிறந்த தருமு சிவராமே இந்தப் பிரமிள்; 1960இலேயே சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் எழுதத் தொடங்கினார். பட்டமோ பதவியோ இன்றி, எழுத்தின் வலுவால் மட்டுமே இடம்பிடித்தார். அந்த அளவில், எழுத்தைக் கொண்டு மதிப்பிடுவது இளைஞருக்குக் கிடைத்த நியாயம்தான். ஆனால் பின்னாளில் அவருடைய விமர்சனம் பல இடங்களில் படைப்பைத் தாண்டி, படைத்தவரின் அந்தரங்க நோக்கங்களைத் தாக்கியது. பிரதியைத் துல்லியமாகப் படித்த இடங்களில் இன்றும் நமக்கு ஆசானாக நிற்கிறார். ஆளைத் தீர்ப்பிட்ட இடங்களில் பகை மட்டும் மிஞ்சியது.

எழுதப்பட்ட ஒரு பக்கம், அதை எழுதும்போது எழுதியவர் எவ்வளவு கவனமாக யோசித்தார் என்பதைக் காட்டும். சோம்பலையும் பாசாங்கையும் கூடக் காட்டும். அவர் படித்த பள்ளி எப்படிப்பட்டது, எந்த மொழி அவர்மேல் சுமத்தப்பட்டது, போர் எத்தனை முறை அவரை இடம்பெயர வைத்தது என்பதைக் காட்டாது. ஆகவே பத்திரிகை ஆசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் வரியைக் கூசாமல் திருத்த வேண்டும். பலவீனமான கவிதையைப் பலவீனமானது என்றே சொல்ல வேண்டும். அந்தக் கண்டிப்பு எழுதுபவருக்குச் செய்யும் மரியாதை. திருகோணமலையிலிருந்து எஸ். ஆர். தனபாலசிங்கம் நடத்திய கவிதை இதழின் பெயர் ‘நீங்களும் எழுதலாம்’. வாசலை எல்லாருக்கும் திறந்துவைத்து, உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும் கண்டிப்போடு படிப்பதே நம் இலக்கியச் சூழலுக்கு இன்று தேவை.