பாக்கர்வடியின் ஈரம்

பாக்கர்வடியை முழுசாக வாயில் போட்டுக்கொள்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முதலில் அதன் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். கடலைமாவும் மைதாவும் கலந்த மெல்லிய சுவர், அதை ஒட்டி அரக்கு நிற மசாலா, மறுபடி சுவர் என்று சுருள் உள்ளே போகும். மசாலாவில் கொப்பரைத் துருவல், எள், கசகசா, தனியா, சோம்பு, மிளகாய்த்தூள், சர்க்கரை. அது மாவோடு ஒட்டுவதற்குப் புளிக்கரைசல் தடவுவார்கள். பாதியாகக் கடித்தால் மொறுமொறுப்புக்குப் பின்னாலேயே இனிப்பு, அப்புறம் புளிப்பு. காரம் கடைசியில்தான் வரும், ஆனால் வந்தால் நின்றுவிடும். சுருட்டும்போது கை தளர்ந்தால் எண்ணெயிலேயே பிரிந்துபோகும். தீ அதிகமானால் வெளிச்சுற்று சிவந்து, உள்சுற்று பச்சைமாவாகவே கிடக்கும்.

புனேயின் அடையாளமாகிவிட்ட இந்தப் பண்டத்துக்குச் சொந்த ஊர் எது என்பதில் வழக்கு உண்டு. குஜராத்திகள் வடோதராவைக் காட்டுவார்கள். நாக்பூர்க்காரர்கள் தங்கள் புடாச்சி வடியைக் காட்டுவார்கள். பச்சைக் கொத்தமல்லியை அள்ளி வைத்து மடித்துப் பொரித்தது. 2019இல் சோனி சப் தொலைக்காட்சி, புனேயில் பாக்கர்வடி விற்கும் மராட்டியக் குடும்பத்துக்கும் குஜராத்திக் குடும்பத்துக்கும் நடக்கும் போட்டியைத் தொடராகவே எடுத்து ஒளிபரப்பியது. ருசியை மட்டும் கேட்டால் என் ஓட்டு நாக்பூருக்கு. ஆனால் அந்த வடியை மறுநாள் தொட முடியாது; பச்சை இலையின் ஈரம் அதை நமுத்துப்போக வைத்துவிடும்.

இந்த இடத்தில்தான் புனேயின் சிதளே பந்து கடை ஜெயித்தது. 1939இல் சாங்லி மாவட்டம் பிலவடியில் பால் வியாபாரத்தில் இறங்கிய குடும்பம், 1950இல் புனேயில் கடை போட்டது. பாக்கர்வடி 1970களில் சேர்ந்தது. மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும் அவர்களுடைய வழக்கம் ஊரெல்லாம் கேலிக்கதை. 2017இல் அதையும் கைவிட்டார்கள். கைச்சுருட்டு போய் இயந்திரம் வந்ததும் இப்படிக் கைவிட்டவற்றின் கணக்கில்தான் சேரும்.

இயந்திரம் கெடுத்துவிட்டது என்று புலம்ப நான் தயாரில்லை. மாவு அத்தனை மெல்லிசாக, ஒவ்வொரு துண்டிலும் ஒரே சீராக, நாளெல்லாம் கையால் வராது. ருசியின் போக்கை நிர்ணயித்தது பயணம். பொட்டலம் வாரக்கணக்கில் தாங்க வேண்டுமானால் உள்ளே தண்ணீர் இருக்கக் கூடாது. அதனால் தேங்காய்ப் பூவுக்கு இடமில்லை, கொப்பரைதான். கொத்தமல்லித் தழைக்கு இடமில்லை, தனியாதான். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலிருக்க நொறுக்குத்தீனிப் பொட்டலங்களில் நைட்ரஜனை அடைக்கிறார்கள். பாரம்பரிய ருசி என்று நாம் சப்புக்கொட்டுவது இப்படி உலர்த்தி எடுத்த ருசியைத்தான். நல்ல ருசி, சந்தேகமில்லை. வயசுதான் அத்தனை அதிகமில்லை.

எனக்குச் சண்டை மினி பாக்கர்வடியோடுதான். சுற்று ஒன்றரையில் முடிந்துவிடுகிறது. மாவு மிஞ்சி மசாலா குறைகிறது. டீயோடு கொறிக்கலாம், அவ்வளவே.

துபாய்க்கு வாங்கிப்போகிறவர்கள் மட்டும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. அதை எடுத்துவிட்டு எள்ளைக் கூட்டியும் செய்யலாம்தான். ஆனால் கசகசாவின் நெய்ப்பு இல்லாததால், கடைசியில் வர வேண்டிய காரம் இனிப்போடு சேர்ந்தே வந்துவிடுகிறது.