பியூர் டேட்டா: பெட்டியைக் கட்டிக் கொடுத்தால் வேறு கணினியில் ஓடுமா?

ஒலி நிரல்களை வரைபடமாகக் கட்டும் மென்பொருளான பியூர் டேட்டாவைத் திறந்தால் வெறும் வெள்ளைச் சாளரம்தான். பெட்டி போட்டு, பெயரைத் தட்டி, கம்பி இழுத்தால் ஒலி வரும். மேக்ஸ் மென்பொருளை உருவாக்கிய மில்லர் பக்கெட் 1990களில் எழுதத் தொடங்கியது இது. தோற்றமும் ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே நிற்கிறது. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான் பார்க்க நினைத்தது ஒன்றைத்தான்: இங்கே கட்டிய ஒரு எக்கோவை அடுத்த பேட்ச்சிலும் (பெட்டியும் கம்பியும் சேர்ந்த கோப்புக்கு இங்கே அதுதான் பெயர்) அடுத்தவர் கணினியிலும் அப்படியே போட்டு ஓட்ட முடியுமா?

வழி எளிது. எக்கோவைத் தனிக் கோப்பாகச் சேமித்து, அதே ஃபோல்டரில் உள்ள இன்னொரு பேட்ச்சில் கோப்பின் பெயரை ஒரு பெட்டியில் தட்டினால் போதும். புது ஆப்ஜெக்ட் தயார். இதைத்தான் அப்ஸ்ட்ராக்‌ஷன் என்கிறார்கள். பெயருக்குப் பின்னால் 500 என்று சேர்த்தால், உள்ளே ஆப்ஜெக்ட் பெட்டிகளில் $1 இருக்கும் இடமெல்லாம் 500 ஆகிவிடும். (மெசேஜ் பெட்டியில் மட்டும் $1 என்றால் வந்து சேரும் செய்தியின் முதல் உறுப்பு. புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.)

சிக்கல் இரண்டாவது பிரதியைப் போடும்போதுதான் வரும். டிலே லைனின் பெயர், சென்ட்-ரிசீவ் பெயர் எல்லாம் இங்கே பொதுச்சொத்து. உள்ளே ‘டேப்’ என்று பெயர் வைத்திருந்தால் இரண்டு எக்கோவும் அதற்கே அடித்துக்கொள்ளும். ஒரே வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் இனிஷியல் போடுவோமே, அந்த வேலையை $0 செய்கிறது. ‘$0-டேப்’ என்று எழுதினால் 1003-டேப், 1004-டேப் என்பதுபோல ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் கிடைக்கும். இதைப் பழக்கமாக்கிக்கொண்டால், க்ளோன் ஆப்ஜெக்டில் ஒரே பெட்டியைப் பதினாறு குரலாகப் பெருக்கலாம், ஒன்றோடொன்று மோதாது.

எனக்குப் பிடிக்காதது, அப்ஸ்ட்ராக்‌ஷனுக்குள் கம்பி நுழையும் வாயான இன்லெட் விவகாரம். எது முதல், எது இரண்டாவது என்பதைத் திரையில் அவை இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. அழகுக்காக ஒன்றை வலப்பக்கம் நகர்த்தினால் வரிசை மாறும். ஏற்கெனவே சேமித்த பேட்ச்சுகளோ எண்ணைப் பார்த்துத்தான் கம்பியை மாட்டும். டிலே நேரத்துக்கான 500 ஃபீட்பேக்கில் போய் விழுந்தால் ஸ்பீக்கர் அலறும். எச்சரிக்கை எதுவும் வராது.

மற்றவர்கள் எழுதிய வெளி லைப்ரரிகளை, டெக்கன் என்ற உள்ளிணைந்த தேடல் கருவி வழியே மெனுவிலிருந்தே இறக்கலாம். வசதிதான், ஆனால் அந்த லைப்ரரி இல்லாத கணினியில் அந்தப் பெட்டி புள்ளிக்கோடாகச் செத்துக் கிடக்கும். பியூர் டேட்டாவைப் பிற செயலிகளுக்குள் பொதிக்க உதவும் லிப்பிடி வழியே மொபைல் செயலிக்குள் ஓட்டுவதானால், வெளி ஆப்ஜெக்டுகளைத் தனியாகக் கம்பைல் செய்து சேர்க்கவேண்டும். பியூர் டேட்டாவின் பார்க்க லட்சணமான வடிவமான ப்ளக்டேட்டாவிலும் இதே கதை: எல்ஸ், சைக்ளோன் லைப்ரரிகள் கூடவே வருவதால், எது யாருடையது என்பதே மறந்துபோகும். வரைவதற்கு ப்ளக்டேட்டா, கொடுப்பதற்கு முன் வெனிலா எனும் பக்கெட்டின் அசல் பதிப்பில் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். புள்ளிக்கோட்டுப் பெட்டி ஒன்றும் தட்டுப்படாவிட்டால், ஹெல்ப் பேட்ச் ஒன்றையும் கூடவே வைத்து அனுப்பிவிடலாம்.