'ட்ராக்ஸ்': பிரயாணத்துக்கு முந்திய பக்கங்கள்

ராபின் டேவிட்சனின் 'ட்ராக்ஸ்' (1980) ஒரு பிரயாண நூலாகப் பெயர் வாங்கிவிட்டது. அப்படிப் பெயர் வாங்கியதாலேயே அது தப்பாகப் படிக்கப்படுகிறது என்பது என் கட்சி. 1977இல் நான்கு ஒட்டகங்களோடும் ஒரு நாயோடும் ஆஸ்திரேலியாவின் நடுவிலிருந்து மேற்குக் கடற்கரை வரை ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் போன பெண் — புத்தகத்தைத் திறக்காதவர்களுக்கும் இவ்வளவு தெரியும். திறந்தவர்களும் பெரும்பாலும் இதை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நடை தொடங்குவதற்கு முன் அவர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருந்த சுமார் இரண்டு வருஷங்களும், அவற்றைப் பற்றி அவர் எழுதியுள்ள நீண்ட முதல் பகுதியும், சமையலுக்கு முன் காய் நறுக்குவதைப்போல ஒரு ஏற்பாடாக ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பகுதிதான் புத்தகம். பிரயாணம் அதன் விளைவு.

இந்தத் தப்பான வாசிப்புக்குக் காரணம் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. பிரயாணத்துக்குப் பணம் கொடுத்தது 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' பத்திரிகை. அது அனுப்பிய புகைப்படக்காரர் ரிக் ஸ்மோலன் வழியில் பல தடவை வந்து படம் எடுத்தார். 1978இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. புத்தகம் வந்தது இரண்டு வருஷம் கழித்துத்தான். அதாவது வாசகன் கையில் புத்தகம் கிடைப்பதற்கு முன்பே அவன் கண்ணில் படம் கிடைத்துவிட்டது. படத்துக்குத் தொடுவானம் வேண்டும், மணல் வேண்டும், மணல் நிறத்தில் ஒரு பெண் வேண்டும். சாணி அள்ளுகிற, கயிறு திரிக்கிற, திட்டு வாங்குகிற ஒருத்தியைப் படம் எடுத்தால் அது வேறு விஷயமாகிவிடும். 2013இல் ஜான் கர்ரன் இயக்கத்தில் வந்த திரைப்படமும் ஊரை அவசரமாகத் தாண்டிக்கொண்டு மணலுக்கு ஓடுகிறது. பணம் வாங்கிய அன்றே பிரயாணம் தன் கையைவிட்டுப் போய்விட்டது என்ற உறுத்தல் டேவிட்சனுக்கே இருந்ததைப் புத்தகம் மறைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் இரண்டு வருஷங்கள் அப்படி விற்கப்படாதவை. அந்தப் பக்கங்களின் பாஷை வேறாக இருப்பதற்கு இது முதல் காரணம்.

எந்த ஊர் இது? 1872இல் முடிந்த, கண்டத்தைத் தெற்கு வடக்காகக் குறுக்கிடும் தந்திக் கம்பிக்காக எழுந்த ஒரு நிலையத்தின் பக்கத்தில் முளைத்தது. முதலில் ஸ்டூவர்ட் என்று பெயர். 1933இல்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆயிற்று. தெற்கே அடிலெய்டும் வடக்கே டார்வினும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். ஊருக்குள் ஓடும் டாட் நதி வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணல். இந்த மண் அரெர்ன்டே மக்களுடையது. டேவிட்சன் வந்த எழுபதுகளின் நடுவில், அவர்கள் தங்கள் ஊரிலேயே ஆற்றுமணலில் தங்கிக்கொண்டு மதுக்கடை வாசலில் விரட்டப்பட்டுக்கொண்டு இருந்தார்கள். வட பிரதேசத்தின் பழங்குடி நில உரிமைச் சட்டம் 1976இல் நிறைவேறியபோது ஊரின் வெள்ளைக்காரர்களுக்கு அதன்மேல் இருந்த எரிச்சலையும் அவர் பார்த்தார்.

ஆறு டாலர், ஒரு நாய், அந்த வெயிலுக்கு ஆகாத துணிகள் கொண்ட ஒரு பெட்டி — இவற்றோடு அவர் ரயிலில் வந்து இறங்குகிறார். மதுக்கடையில் வேலை பார்க்கிறார். அங்கே அவர் காண்பது பாலைவனத்தின் மௌனத்தை அல்ல. கறுப்பர்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் குடித்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசும் ஆண்களை. ஊரை வெறுத்துப் பாலைக்குப் போகிறவர்களின் கதைகள் நிறைய உண்டு. இங்கே பாலைக்கு நடுவில்தான் ஊர் தன் முழு அசிங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறது. தப்பித்து வருகிறவளுக்கு முதலில் கிடைப்பது, எதிலிருந்து தப்பித்தாளோ அதன் கெட்டியான வடிவம். இதை இவ்வளவு ஸ்தூலமாகச் சொன்ன 'தேடல்' புத்தகம் வேறொன்று எனக்குத் தெரியாது. தேடல் என்ற சொல்லையே நாம் கொஞ்ச காலத்துக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம்.

அடுத்து வருவது வேலை. ஒட்டகங்கள் வைத்திருக்கும் கர்ட் என்பவரிடம் பல மாதங்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்; கற்றுக்கொடுப்பதும் கடைசியில் ஒட்டகங்கள் தருவதுமே பேச்சு. கர்ட் ஒரு கொடுங்கோலன். ஆனால் ஒட்டகம் தெரிந்தவர். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றை மற்றொன்றால் ரத்து செய்யாமல் அருகருகே நிறுத்துவதில்தான் டேவிட்சனின் எழுத்து தன் தரத்தைக் காட்டுகிறது. பெண்ணியக் கோட்பாட்டின் வசதிக்காக அந்த ஆளின் வித்தையைக் குறைக்கவில்லை; வித்தைக்கு மரியாதை செய்வதற்காக அவரது குரூரத்தை மழுப்பவும் இல்லை. பிறகு சாலே மஹமத் என்ற ஆப்கானிய வம்சாவளி ஒட்டகக்காரரிடம் போகிறார். இங்கே அதட்டல் இல்லை. ஆனால் வேலையின் கறார் குறையவில்லை. ஆசான் நல்லவனா கெட்டவனா என்பது ஒட்டகத்துக்குத் தெரியாது. முடிச்சு சரியா இல்லையா என்பதுதான் தெரியும்.

ஒட்டகத்தைப் பழக்குவது அன்பின் காரியம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களை இந்தப் பக்கங்கள் நிதானமாகத் திருத்துகின்றன. ஒட்டகத்தின் மூக்கைத் துளைத்துக் கட்டையால் ஆன ஒரு முளையைச் செருகுகிறார்கள். வலிக்கும். அந்த முளையில் கட்டும் கயிறு மெல்லியதாக இருக்க வேண்டும் — மிருகம் மிரண்டு இழுத்தால் மூக்கு கிழியாமல் கயிறு அறுந்துபோகும்படி. அரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு பிராணியை, அறுந்துபோவதற்கென்றே தேர்ந்தெடுத்த ஒரு கயிற்றால் நடத்திச் செல்வதுதான் இந்தத் தொழில். அதிகாரம் எங்கே நிற்க வேண்டும் என்பது இங்கே கயிற்றின் பருமனில் தீர்மானமாகிறது, உபதேசத்தில் அல்ல. இதைத் தெரிந்துகொண்ட கைதான் பிறகு எழுதுகிறது. வாக்கியத்தை எவ்வளவு இறுக்கலாம், எங்கே அறுந்துபோக விடலாம் என்பதை இந்த முதல் பகுதி எங்கிருந்து கற்றது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகத்தின் தலைப்பையும் இங்கிருந்துதான் படிக்க வேண்டும். 'ட்ராக்ஸ்' என்றால் தடம், பாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கால்சுவடு என்றும் பொருள். ஒட்டகங்களை ராத்திரியில் முன்னங்கால்களில் தளையும் கழுத்தில் மணியும் கட்டி மேய விடுகிறார்கள். விடிந்ததும் சுவடு பார்த்துத் தேடிப் பிடிக்க வேண்டும். சுவடு படிக்கத் தெரியாவிட்டால் அன்றைய நாள் இல்லை. காணாமற்போன ஒட்டகங்களைத் தேடி டேவிட்சன் அலைந்த நாட்கள் முதல் பகுதியில் வருகின்றன. போகப்போகிற வழியைவிட, விலகிப்போன பிராணி விட்டுச் சென்ற குறியைப் படிப்பது — தலைப்பின் இந்த அர்த்தம் வேலை செய்தவளுக்கு மட்டுமே சொந்தம். படம் பார்க்கிறவனுக்குக் கிடைக்காது.

இனி ஒரு குறை. ஒட்டகம் ஆஸ்திரேலியாவின் பிராணி அல்ல. 1840இல் கப்பலில் உயிரோடு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. 1860இல் பர்க் - வில்ஸ் குழுவுக்காக இருபத்துச் சொச்சம் வந்தன. 1866இல் தாமஸ் எல்டர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேல் தருவித்தார். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தன. கூடவே பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ஆப்கானிஸ்தான் என்று பல இடத்து மனிதர்களும். எல்லோருக்கும் 'ஆப்கான்' என்று ஒரே பெயர் ஒட்டினார்கள். கம்பளி மூட்டையும் தந்திச் சாமானும் மாவும் தேயிலையும் இவர்கள் முதுகிலும் இவர்களது ஒட்டகங்களின் முதுகிலும்தான் உள்நாட்டுக்குப் போயின. 1929இல் ரயில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை எட்டியது; அந்த ரயிலுக்குப் பின்னால் நிலைத்த பெயர் 'தி கான்'. பெயரை ரயிலுக்குக் கொடுத்துவிட்டுப் பிழைப்பை மனிதர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியா 1925லேயே ஒட்டக அழிப்புச் சட்டம் ஒன்று இயற்றியிருந்தது. வேலை இழந்த ஒட்டகங்கள் அவிழ்த்துவிடப்பட்டுக் காட்டு மந்தைகளாயின. 2009க்கும் 2013க்கும் இடையில் அரசுத் திட்டத்தின்கீழ் ஏறக்குறைய 1,60,000 ஒட்டகங்கள் ஒழிக்கப்பட்டன, பெரும்பாலும் சுட்டு.

சாலே மஹமதின் கைவாகு இந்தச் சரித்திரத்தின் எச்சம். டேவிட்சனுக்கு அந்த மனிதர்மேல் நன்றி இருக்கிறது. ஆனால் அந்தச் சரித்திரம் புத்தகத்தில் அகலமாக வரவில்லை. பழங்குடியினர் விஷயத்தில் அவர் காட்டும் கூர்மையை இங்கே காட்டவில்லை. தான் ஓட்டுகிற பிராணியும் தன்னைப்போலவே வந்தேறி, அதுவும் தனக்கு நேர்மாறாக, விருப்பமில்லாமல் வந்த வந்தேறி என்ற எண்ணம் அழுத்தம் பெற்றிருந்தால் பிரயாணப் பகுதிக்கு இன்னொரு பரிமாணம் கிடைத்திருக்கும்.

பிரயாணப் பகுதி மட்டம் என்று நான் சொல்லவில்லை. மதம் பிடித்த காட்டு ஆண் ஒட்டகங்கள் நெருங்கும்போது தயங்காமல் சுட வேண்டும் என்று சாலே சொல்லியிருந்தார், அவர் சுடுகிறார். எடி என்ற பிட்ஜன்ட்ஜாரா முதியவர் கூட நடக்கிற பகுதியில் அவசரம் என்ற வெள்ளைக்கார வியாதி சிறிது சிறிதாக இறங்குகிறது. விஷம் வைத்த இரையைத் தின்றுவிட்ட நாய் டிகிட்டியைத் தன் கையாலேயே சுட வேண்டி வருகிறது. புத்தகத்தின் இரண்டாம் பகுதியில் நிற்கிற இடங்கள் இவைதான். மூன்றிலும் ஒரு பிராணியோ, தன்னைவிட அதிகம் தெரிந்த ஒரு மனிதரோ இருக்கிறார்கள். செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் அவரும் வெளியும் மட்டும் எதிரெதிரே நிற்கும் இடங்களில் பாஷை தளர்ந்துவிடுகிறது. சுயம் கரைவது, எல்லாம் ஒன்றாவது என்று எவரும் எழுதக்கூடியதாகிவிடுகிறது. வேலை இருக்கும் இடத்தில் எழுத்தும் இருக்கிறது.

நமக்கு இந்தப் புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். நம் மரபில் பாலை கடக்கிற நிலம். தலைவன் பொருளுக்காக அதைக் கடக்கிறான்; காதலர் உடன்போக்கில் கடக்கிறார்கள்; தலைவி வீட்டிலிருந்து அதை நினைக்கிறாள். அங்கேயே வாழ்கிற எயினரும் மறவரும் கடப்பவனுக்கு ஆபத்தாக மட்டுமே பெரும்பாலும் தெரிகிறார்கள். குறிஞ்சியும் முல்லையும் திரிந்ததே பாலை என்று சிலப்பதிகாரம் வைத்த பிறகு, தனக்கென்று வேலையும் வேளையும் உள்ள ஒரு நிலமாக அதைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. நம் புதுக்கவிதையில் எத்தனை பாலைவனங்கள்! ஒன்றிலாவது யாராவது ஒரு பிராணிக்குத் தண்ணீர் காட்டுகிறார்களா? மனசின் வறட்சிக்கு வாடகைக்கு எடுத்த மணல் அது.

நம் சிறு வட்டத்தில் 'எல்லாவற்றையும் உதறிவிட்டு எங்காவது போய்விட வேண்டும்' என்று சொல்லாதவர்கள் குறைவு. நானும் பகலில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன்தான். அந்த வாக்கியத்தின் ருசி தெரியும். அந்த 'எங்காவது' என்ற சொல்லைத்தான் 'ட்ராக்ஸ்' கேள்வி கேட்கிறது. உதறியவளுக்கு அங்கே முதலாளி இருக்கிறார், அதட்டல் இருக்கிறது, விடியற்காலை வேலை இருக்கிறது, சீழ் பிடித்த புண்ணைக் கழுவ வேண்டியிருக்கிறது. அவருக்குக் கிடைத்த விடுதலை, வேலையிலிருந்து அல்ல. அரைகுறையாக வேலை தெரிந்திருப்பதிலிருந்து.

2023இல் வந்த தன் நினைவுநூலில் டேவிட்சன், தனக்குப் பதினோரு வயதிருக்கையில் தற்கொலை செய்துகொண்ட தாயைப் பற்றி எழுதியிருக்கிறார். இனிமேல் 'ட்ராக்ஸ்' முழுவதையும் அந்த மரணத்திலிருந்து தப்பி நடந்த நடையாக விளக்கிவிடுவார்கள். விளக்கம் சுலபம்; ஆனால் துக்கம் இருந்தால் மட்டும் ஒட்டகம் மண்டியிட்டுவிடாது.

இதற்கு அவருடைய இன்னொரு புத்தகமே சாட்சி. 'டெசர்ட் பிளேசஸ்' (1996) வடமேற்கு இந்தியாவின் ரபாரி மேய்ப்பர்களோடு போக முயன்றதைச் சொல்கிறது. அதே மனுஷி, அதே பிராணி, பாலையும் அசல். ஆனால் இந்தத் தடவை இரண்டு வருஷத் தொழில் பயிற்சி இல்லை, பாஷை இல்லை, தனிமையும் இல்லை. எங்கு பார்த்தாலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். பிரயாணம் தடுக்கி விழுகிறது, அதை அவர் நேர்மையாகவே எழுதுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பவனுக்கு ஒன்று தெளிவாகும்: முதல் புத்தகத்தைச் சாத்தியமாக்கியது தைரியம் அல்ல, பாலைவனமும் அல்ல. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இன்னொருவருடைய கொட்டடியில், பார்க்க ஒருவரும் இல்லாமல், பொறுத்துக் கற்ற அந்த நாட்கள்.