கரப்பானுக்கு எத்தனை விரல் களிம்பு?

சிவகாசிப் பக்கம் குழந்தைக்குக் கரப்பான் கண்டால் முதலில் நிறுத்தப்படுவது கத்திரிக்காய். அடுத்து கருவாடு, பிறகு முட்டை. அப்படியும் அரிப்பு அடங்காவிட்டால் மெடிக்கலில் ஒரு ட்யூப். டாக்டர் கடைசியில்தான் வருகிறார். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் தாய்க்கு ஆஸ்பத்திரி வரிசை என்றால் ஒருநாள் கூலி போச்சு என்று பொருள். அதனால் இந்த வழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

குளித்ததும் எண்ணெய் பூசும் பாட்டி வழக்கம் சரியானதே. கரப்பான் தோலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரியாது. தோலின் மேலடுக்கை உறுதியாக்கும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுக் குறைபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006-இல் கண்டறிந்தார்கள். 2014-இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில், குழந்தைகளுக்கு மினரல் ஆயிலைவிடச் சுத்தத் தேங்காயெண்ணெய் நன்றாகவே கேட்டது. ஆனால் அதே பாட்டி அடுத்த குளியலில் கடலை மாவு போட்டு அழுத்தித் தேய்க்கிறார், சேர்த்ததெல்லாம் போய்விடுகிறது. போதாததற்கு, சிவகாசியில் பட்டாசு காயத் தோதான வறண்ட காற்று வேறு.

பத்தியம் வேறு கதை. உணவு ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு உண்டு, குறிப்பாகக் கடுமையான கரப்பான் உள்ள கைக்குழந்தைகளுக்கு. அதைச் சோதிக்காமல் எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளை மெலிவதுதான் மிச்சம். நிறுத்திய உணவே பின்னால் உண்மையான ஒவ்வாமையாகத் திரும்பவும் கூடும்.

ட்யூபுக்கு வருவோம். ஹைட்ரோகார்ட்டிசோன் தோலில் பூசப் பயன்படும் என்று சல்ஸ்பெர்கரும் விட்டனும் காட்டியது 1952-இல். இன்றும் கரப்பான் சிவந்து கிளம்பும்போது முதலில் கைகொடுப்பது இதுபோன்ற ஸ்டீராய்டுக் களிம்புதான். அதன் பெயரைக் கெடுத்தது, வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தையும் கிருமிக்கொல்லியையும் கலந்து விற்கும் கலவைக் களிம்பு. இரண்டே நாளில் தோல் பளிச்சென்றாகும், நிறுத்தினால் மறுபடி கிளம்பும், மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கவுண்டரில் அதை யார் பார்க்கிறார்கள்?

ஒருமுறை சூடுபட்ட தாய் அதன்பின் டாக்டர் தரும் மிதமான களிம்பையும் பயந்து பயந்து தொடுகிறார். டாக்டரும் ‘லேசா தடவுங்கம்மா’ என்று அனுப்பிவிடுகிறார். இந்த ‘லேசா’தான் பாதிச் சிகிச்சையைத் தோற்கடிக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் ஒரு காலுக்குப் பாதத்தோடு சேர்த்து இரண்டு விரல் அளவு. இதை விரலைப் பிடித்துக் காட்ட அரை நிமிடம் ஆகாது.

ஈரப்பசைக் களிம்பிலும் இதே கோளாறு. பிரிட்டன் வழிகாட்டுதல்படி குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வேண்டும். கூலிக்காரர் வீட்டுக்கு விலை உயர்ந்த சின்ன ட்யூப் ஒன்றை எழுதித் தருவது கண்துடைப்பு. டப்பா பாரஃபினையும் தேங்காயெண்ணெயையும் எழுதலாம். பாரஃபின் மார்கழிக்குச் சரி. சித்திரை வெயிலில் வேர்வையை அடைத்து வேர்க்குருவைக் கிளப்பும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.