ராஜரத்தினம் பிள்ளையின் ஷெர்வானியும் நம் கல்யாணப் பட்டும்

காஞ்சிபுரம் புடவையைப் பற்றி நம் சங்க மலர்களில் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. ஆண் உடுத்தும் பட்டு என்றால் மட்டும், "அட, வேட்டி சட்டைதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அப்படி முடிக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒருவன் எதை உடுத்திச் சபை முன் வந்து நிற்கிறான் என்பதும் ஒரு பேச்சுதான். அந்தப் பேச்சில் வல்லவர் என்று நான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) சொல்வேன்.

நாதஸ்வரக்காரர் மேல்சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலம் அது. பிள்ளை கிராப் வைத்தார், ஷெர்வானி அணிந்தார், ஷூ மாட்டினார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். ஜம்பம் என்று சொல்வது சுலபம். ஆனால் துண்டு தோளில் இருக்கலாமா, இடுப்பில்தான் இருக்க வேண்டுமா என்பது நம் ஊரில் வெறும் துணி விவகாரமாக என்றுமே இருந்ததில்லை. நெல்லை, குமரியிலிருந்து தாராவிக்கும் செம்பூருக்கும் வந்த குடும்பங்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? திருவிதாங்கூரில் தோள்சீலைக்கு நடந்த போராட்டம் 1859 அரசாணை வரை போயிற்றே. மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில், ராஜகிருகத்தில் வாழ்ந்த டாக்டர் அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் இதே பேச்சில் இன்னொரு வாக்கியம்தான்.

பிள்ளை ஏன் ஷெர்வானியைப் பிடித்தார்? என் யூகம் இது. அங்கவஸ்திரத்தை யார் எப்படிப் போடலாம் என்பதற்குத் தஞ்சாவூரில் ஆயிரம் விதி உண்டு. வடக்கே இருந்து வந்த ஷெர்வானிக்கு விதியே கிடையாது. விதி இல்லாத உடுப்பை எந்த விதியைச் சொல்லித் தடுப்பது?

எம்.கே. தியாகராஜ பாகவதரின் பட்டு ஜிப்பா வேறு ரகம். அதில் சண்டை இல்லை, சுகம் இருக்கிறது. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் மூன்று தீபாவளி கண்டதற்குக் குரல்தான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஜிப்பாவையும் கிராப்பையும் பார்க்கப் போனவர்கள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த இரண்டு உடுப்புக்கும் தையல் நேர் எதிர். பழைய வெட்டு ஜிப்பா பெரும்பாலும் நேர்த் துண்டுகளால் ஆனது. பக்கவாட்டில் விரிவுக்கு ஒரு பட்டை, அக்குளில் சின்னச் சதுரத் துண்டு. கையைத் தூக்கினால் உடம்புத் துணி கூடவே ஏறாமல் காப்பது அந்தச் சதுரம்தான். பட்டு தன் எடையில் தானே விழும். டெய்லர் அதற்கு வழிவிட்டால் போதும். ஷெர்வானி அப்படியல்ல. தோளிலும் மார்பிலும் உள்ளே கேன்வாஸ் வைத்து உருவம் கட்ட வேண்டும். ஊதுகிறவருக்கு என்றால் மூச்சு நிறையும்போது மார்பு விரிய இடமும் விட்டாக வேண்டும். வெளியே அது தெரியவும் கூடாது.

பருத்தி தப்பை மன்னிக்கும், பட்டு மன்னிக்காது. கத்தரி வைக்கும்போது அடித்துணி வழுக்கும். ஓரம் பிசிர் விடும். ஊசி மழுங்கியிருந்தால் இழை இழுபடும், நூல் இறுகினால் தையல் சுருங்கும். பிரித்துத் தைத்தால் பழைய ஓட்டை அப்படியே கண்ணில் படும். நீர் பட்ட இடம் கறையாக நிற்பதும் உண்டு.

இப்போது நம் கல்யாணங்களுக்கு வருவோம். மாப்பிள்ளைக்கு 'செட்' வாங்குகிறோம். சந்தன நிற வேட்டி, அதே நிறச் சட்டை, இடுப்பில் ஒட்டிக்கொள்ள வெல்க்ரோ. வேட்டியைக் குறை சொல்ல மாட்டேன். சேலம் வெண்பட்டு இன்றும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். சட்டைதான் கொடுமை. காலருக்குள் பசை போட்டு ஒட்டிய அட்டை மாதிரி ஒன்று. தோள் முழங்கையை நோக்கி இறங்கும். உட்கார்ந்தால் வயிற்றில் பட்டன் வாய் பிளக்கும். போட்டோவில் மாப்பிள்ளையும் மாமனாரும் மச்சானும் ஒரே கம்பெனி யூனிஃபார்மில் நிற்பதுபோல இருக்கிறார்கள். ரிசப்ஷனுக்குப் போடும் ஷெர்வானியில் ஜிகினா வேலை அதிகம், வெட்டு இல்லை. பிள்ளையின் ஷெர்வானிக்கு ஒரு காரணம் இருந்தது. இதற்கு வாடகை ரசீதுதான் இருக்கிறது.

இத்தனைக்கும் வெட்டத் தெரிந்த கை நம்மிடமே உண்டு. தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில், மாடி அறைகளில், மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. பீஸ் கணக்கில் காலர் மட்டும், காஜா மட்டும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டதால், முழு உடுப்பை வெட்டித் தைக்கத் தெரிந்த மாஸ்டர்கூட நாளெல்லாம் கைப்பட்டியே தைக்கிறார். உடுப்பில் கடையின் பெயர் இருக்கும், அவர் பெயர் இருக்காது. தாராவி மறுசீரமைப்பு வரும் இந்நாளில் அந்த மாடி அறைகள் எங்கே போகும் என்ற கவலை வேறு. நாமோ கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் துணியை எடுத்துட்டுப் போய் "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்கிறோம். ஒரு பட்டு ஜிப்பாவுக்குப் பழைய துணியில் முதலில் வெட்டிப் போட்டுப் பார்க்க ஒரு நாள், பட்டில் டாக்கா போட்டுத் தோள் சரிபார்க்க ஒரு நாள், பிறகு தையல். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் அன்றே டெய்லரிடமும் அளவு கொடுத்துவிட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.