படத்தில் உள்ள எழுத்துகளை உள்ளிடுக

2021 மே 1 அன்று 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் கொரோனா தடுப்பூசி திறந்துவிடப்பட்டது. ஆனால் 45 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கோவின் தளத்தில் முன்பதிவு செய்த பிறகே மையத்துக்குப் போக முடியும் என்றார்கள். ஏட்டளவில் அருமையான ஏற்பாடுதான். சிபாரிசு கிடையாது, முண்டியடிப்பது கிடையாது, சக்கர நாற்காலியில் வருபவர் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டாம்.

பார்வையற்ற ஒருவர் அதற்குள் நுழைந்து பார்க்கட்டும். கைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பேசுகிறது. விரல் பட்ட இடத்தையெல்லாம் படித்துச் சொல்கிறது. ஓடிபி வருகிறது, அதற்கு ஆயுள் 3 நிமிடம். எண்களைக் காதில் வாங்கி மனதில் நிறுத்தி, விட்டுவந்த பெட்டியைத் தேடிப்பிடித்துத் தட்டுகிறார். இதொன்றும் அவருக்குப் புதிதல்ல, வங்கிச் செயலியில் அன்றாடம் செய்வதுதான். பிறகு வயது, ஊசியின் பெயர், இலவசமா கட்டணமா என்று வரிசையாக வடிகட்டிகள். கண்ணுள்ளவர் ஒரு நொடியில் தாண்டுவதை இவர் ஒவ்வொன்றாகத் தடவிக் கேட்கிறார். ஒருவழியாக ஒரு ஸ்லாட் காலி என்கிறது குரல். தட்டினால் கேப்ச்சா. நெளிந்து வளைந்த எழுத்துகளின் படம். டாக்பேக்குக்கு அதில் படிக்க ஒன்றுமே இல்லை.

ஒலிவடிவில் கேப்ச்சா இல்லை என்பதை உச்ச நீதிமன்றமே மே 31 தேதியிட்ட உத்தரவில் சுட்டிக்காட்டியது. வடிகட்டிகளின் அமைப்பு சரியில்லை, தளம் தானாக வெளியே தள்ளிவிடாமல் பதிவை முடிக்கப் போதிய அவகாசம் வேண்டும் என்றும் சொன்னது. இதில் எதுவும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. இத்தனைக்கும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல் விதிகளைப் பின்பற்றச் சேவை வழங்குவோருக்குக் கொடுத்திருந்த கெடு 2019-லேயே முடிந்துவிட்டது.

அந்தக் கேப்ச்சா படம் எதற்கு? தானியங்கி நிரல்கள் ஸ்லாட்டுகளை அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்க. நிரல் தெரிந்தவர்களோ, கேப்ச்சாவைப் படிக்கும் நிரலையும் எழுதி இணையத்தில் போட்டுவிட்டார்கள். மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடிக்க வைத்த சோதனையில் இயந்திரம் தேறியது. பார்வையற்ற மனிதர் தோற்றார்.

வீட்டிலுள்ளவர்களோ பொதுச் சேவை மையமோ பதிந்து தரலாமே, ஒரே எண்ணில் 4 பேரைச் சேர்க்கலாமே என்றது அரசுத் தரப்பு. நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் தன் பணத்தைத் தானே கையாளும் ஒருவர், ஓர் ஊசிக்காக ஆதாரையும் ஓடிபியையும் அண்ணன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவனுக்கு நேரம் கிடைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இதுதான் கேப்ச்சாவைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. (தளமும் முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஜூனில் பிற இந்திய மொழிகள் வந்தபோது தமிழ் விடுபட்டு, தமிழ்நாட்டில் சத்தம் எழுந்த பிறகு சேர்ந்தது.)

இதற்காகத் தொழில்நுட்பத்தையே திட்டித் தீர்ப்பதும் சரியாகாது. என்விடிஏ என்ற திரைவாசிப்பானை 2006-இல் உருவாக்கத் தொடங்கியவர் பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலியர், இன்றுவரை இலவசம். அப்படியொரு கருவி கையில் இருந்தவர்களுக்கு ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது சிரமமாக இல்லை. அதே சலுகையைப் பல ஆண்டுகளாகக் கேட்டு 'முடியாது' என்ற பதிலே வாங்கியவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் எல்லோருக்கும் தேவைப்பட்டதும் ஒரே வாரத்தில் முடிந்தது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களிடமிருந்து முகக்கவசம் பறித்ததை வீடியோ அழைப்பு ஓரளவு திருப்பிக் கொடுத்தது. தானியங்கி வசனவரிகளுக்கு மட்டும் அப்போது தமிழ் எட்டவில்லை.

சில குறைகளைத் தீர்க்கக் கருவியே தேவையில்லை. காணொளிப் பாடத்தில் கணக்கு வாத்தியார் பலகையைத் தொட்டு "இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்கிறார். எதையும் எதையும்? எண்ணை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பார்வையற்ற மாணவரும் கணக்கைப் போட்டிருப்பார்.

தடுப்பூசிக்கே திரும்புவோம். 2021 மே 24 முதல் அரசு மையங்களில் 18 முதல் 44 வயதினருக்கு அங்கேயே பதிவுசெய்யும் வசதி வந்தது. செப்டம்பர் 23 அன்று, நடமாட முடியாதவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிப் போய் ஊசி போடலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. வாசலில் வந்து நிற்கும் செவிலியர் யாரிடமும் கேப்ச்சா கேட்பதில்லை.

கேப்ச்சாவின் தம்பி வேறு இடத்தில் வளர்ந்திருந்தான். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் இணையவழியில் அடையாளம் சரிபார்க்கும்போது, உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க, கேமராவை நோக்கிக் கண் சிமிட்டச் சொன்னார்கள். ஆசிட் வீச்சில் இமைகள் சிதைந்தவர்கள் அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்த தேதி 2025 ஏப்ரல் 30.