தேய்ந்த குழாயும் ஓர் அறிக்கையும்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று படித்துத் தேர்வெழுதியவர்களை, அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் ரிச்மண்ட் அறிக்கை திகைக்க வைக்கும். அங்கே குழாயைத் தின்றது துரு அல்ல. கச்சா எண்ணெயிலேயே கலந்திருந்த கந்தகம்.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் உள்ள செவ்ரான் சுத்திகரிப்பு நிலையத்தில் 2012 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஒரு குழாய் கிழிந்தது. எண்ணெய் ஆவி மேகத்தில் 19 ஊழியர்கள் சிக்கினர். தீப்பற்றுமுன் 18 பேர் தப்பினர். தீயணைப்பு வண்டிக்குள் இருந்த ஒருவர் தீயைக் கடந்து வந்து பிழைத்தார். இதைப் பற்றி வாரியம் 2013இல் இடைக்கால அறிக்கையும் 2015இல் இறுதி அறிக்கையும் வெளியிட்டது.

அரிமானத்தை விளக்கும் பகுதியே இவற்றில் சிறந்தது. சுமார் 230 டிகிரி செல்சியசுக்கு மேல் கந்தகச் சேர்மங்கள் எஃகுடன் வினைபுரிந்து இரும்பு சல்பைடாக்குகின்றன. எஃகில் சிலிக்கன் 0.1 சதவீதமாவது இருந்தால் இந்த வினை மிகவும் மெதுவாகும். 1976இல் பதித்த அக்குழாயில், முழங்கை போன்ற இணைப்புகளுக்கு இந்தக் குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டிருந்தது. நேர்க்குழாய்களுக்கு விதியே இல்லை. கிழிந்த 52 அங்குல நேர்த்துண்டில் சிலிக்கன் 0.01 சதவீதந்தான். கிழிந்த இடத்தருகே சுவரின் தடிமனில் சராசரியாக 90 சதவீதம் கரைந்து போயிருந்தது. ஆனால் வழக்கமாகத் தடிமன் பார்த்ததோ பெரும்பாலும் முழங்கைகளில்! அளவீடு சரி, அளந்த இடம் தவறு. கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில் அளந்து சராசரி எடு என்று நாமும் ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தருகிறோம். குழாய் சராசரியில் கிழிவதில்லை. மிக மெலிந்த இடத்தில் கிழிகிறது.

ஒவ்வொரு துண்டையும் சோதிக்க வேண்டும் என்று நிறுவனத்தின் சொந்த வல்லுநர்களே 2009இல் பரிந்துரைத்ததையும், அது நிறைவேறாததையும் அறிக்கை மறைக்கவில்லை. கசிவு கண்ட பின்னும் ஆலையை நிறுத்தாமல் குழாயின் வெப்பக்காப்பு உறையைப் பிய்த்ததையும் கண்டிக்கிறது. இந்தத் துணிவு பாராட்டத்தக்கது.

எனினும் ஒரு குறை. அடுத்த சில வாரங்களில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தலைவலி என்று சுமார் 15,000 பேர் மருத்துவரை நாடினர். விபத்தின் காரணத்தைத் தேடுவதே வாரியத்தின் முதல் வேலை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் புகையில் என்னென்ன கலந்திருந்தன, எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றன, நுரையீரலை என்ன செய்தன என்று மாணவர் கேட்டால் காட்டுவதற்கு, இரும்புக்கு ஒதுக்கிய பக்கங்களைப் போன்ற பக்கங்கள் இதில் இல்லை.